எட்டுப் பேர், மூன்று துண்டு, ஒரு தணல்: கொல்லைப்புறத்தில் ஸ்டேக் விருந்து

டெக்சஸில் வீடு வாங்கிய முதல் கோடையில் எட்டுப் பேரை விருந்துக்குக் கூப்பிட்டு எட்டு ஸ்டேக், அதாவது தணலில் சுடுகிற மாட்டுக்கறித் துண்டு, வாங்கினேன். இலைக்கு ஒரு வடை வைக்கிற கணக்கு. எல்லாம் விரல் தடிமன். கரியில் பற்றவைக்கும் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, தீ திகுதிகுவென்று எரியும்போதே எட்டையும் வரிசையாகப் போட்டேன். கொழுப்பு உருகிச் சொட்டியது, தீ இன்னும் எழும்பியது. ஒன்றைத் திருப்புவதற்குள் இன்னொன்று கருகியது. "எனக்கு நல்லா வெந்திருக்கணும்" என்றவருக்கு உள்ளே பச்சையாகவும், "எனக்கு லேசா வாட்டினா போதும்" என்றவருக்குச் செருப்புத் தோலாகவும் போய்ச் சேர்ந்தது. கறியில் அடித்த மண்ணெண்ணெய் வாடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இப்போதும் எட்டுப் பேர் வருகிறார்கள். நான் மூன்று துண்டுதான் வாங்குகிறேன். புதிதாக வீடும் கொல்லையும் கிரில் என்ற கம்பியடுப்பும் வாய்த்திருக்கிறவர்களுக்காக, அதை எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. இதை டெக்சஸ்காரர் எதிரில் "பார்பிக்யூ" என்று சொல்லாதீர்கள். அவர்களுக்கு அது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விறகுப் புகையில் வேகும் பிரிஸ்கெட், மாட்டின் நெஞ்சுக்கறி. நாம் செய்யப்போவது வெறும் கிரில்லிங், கூப்பிடும்போது "குக்-அவுட்" என்றால் போதும்.

கூப்பிடும்போதே கேட்க வேண்டியது

நம் கூட்டத்தில் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர், சாப்பிடாதவர், சைவம், ஹலால் மட்டும் என்பவர், வீட்டில் சாப்பிடாமல் வெளியில் மட்டும் சாப்பிடுகிறவர் எல்லோரும் உண்டு. "நீங்க பீஃப் சாப்பிடுவீங்களா?" என்று நேராகக் கேட்க நமக்கும் கூச்சம், பதில் சொல்ல அவர்களுக்கும் கூச்சம். நான் இப்படிக் கேட்பேன்: "சனிக்கிழமை மாட்டுக்கறி சுடறேன். உங்களுக்குத் தனியா கோழி வைக்கட்டுமா, பனீர் வைக்கட்டுமா?" சாப்பிடுகிறவர், "எதுக்குத் தனியா?" என்பார். சாப்பிடாதவர் கோழி என்பார். விஷயம் முடிந்தது.

ஹலால் மட்டும் உண்பவர் ஒருவர் இருந்தால்கூட மொத்தக் கறியையும் ஹலால் கடையிலேயே வாங்கிவிடுவது நல்லது. ஒரே கம்பியில் இரண்டு வகையைப் போட்டுவிட்டு எது யாருடையது என்று விழிக்க வேண்டியதில்லை. சைவக்காரர்களில் மாட்டுக்கறி பட்ட கம்பியில் சுட்டதைத் தொடாதவர்கள் உண்டு, அதில் தவறும் இல்லை. அவர்களுக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய இரும்புத் தோசைக்கல்லை வைத்திருக்கிறேன். கறி அடுப்புக்கு வருமுன் கல்லைத் தணல்மேல் வைத்து பனீர், குடமிளகாய், காளான் எல்லாவற்றையும் வாட்டி எடுத்துவிடுவேன். அதற்கென்று தனி இடுக்கி, தனித் தட்டு. சோளக்கதிரையும் அப்போதே தோலோடு சுட்டு, உரித்து, மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தேய்த்து வைத்துவிட்டால் வருகிறவர்கள் கையில் ஆளுக்கொன்று இருக்கும். மெரினாவில் நின்ற ஞாபகத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள், உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள்.

எந்தத் துண்டு, எவ்வளவு

மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் எட்டுப் பேர் என்றால் பச்சையாக இரண்டு கிலோ வாங்கலாம், தலைக்கு கால் கிலோ. அந்த இரண்டு கிலோவை எட்டாக வாங்காமல் மூன்றாக வாங்க வேண்டும். எலும்பில்லாத ரிப்-ஐ (விலாப் பகுதிக் கறி), இரண்டு அங்குலத் தடிமனில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 650 முதல் 700 கிராம் வரும்.

மெல்லிய துண்டில் வெளிப்புறம் சிவந்து முறுகுவதற்குள் உள்ளே வெந்து தாண்டிவிடும். தவறு செய்ய உங்களுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. தடித்த துண்டு மெதுவாக வேகும், நடுவில் ஒரு தடவை நீங்கள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். இன்னொன்று, எட்டுத் துண்டை எட்டுப் பதத்தில் ஒரே நேரத்தில் எடுப்பது ஓட்டல் சமையல்காரருக்கே வேர்க்கும் வேலை. மூன்றைக் கவனிக்க ஒரு ஆள் போதும்.

கடைகளில் மெல்லிய துண்டுகள்தான் தட்டில் அடுக்கியிருக்கும். கறி வெட்டுகிறவரிடம் போய் "டூ இஞ்சஸ்" என்று விரலால் காட்டிக் கேளுங்கள், வெட்டித் தருவார். அட்டையில் அமெரிக்க விவசாயத் துறையின் தரம் இருக்கும்: பிரைம், சாய்ஸ், செலக்ட். தசைக்குள் வெள்ளைக் கோடு கோடாக ஓடும் கொழுப்பை வைத்துத்தான் பெரும்பாலும் அந்தத் தரம். பிரைமில் மிகுதி, செலக்ட்டில் குறைவு. முதல் விருந்துக்குச் சாய்ஸ் போதும், ஆனால் அடுக்கியிருப்பதில் கோடு அதிகமுள்ளதாகப் பொறுக்குங்கள். நம்மூர்ச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற பொறுமையைக் காட்டினால் சாய்ஸ் விலையில் பிரைமுக்குப் பக்கத்தில் ஒன்று மாட்டும்.

இடுப்புப் பக்க முதுகுக்கறியான நியூயார்க் ஸ்ட்ரிப்பும் நன்றாக இருக்கும், கொழுப்புக் கொஞ்சம் குறைவு. முதுகெலும்புக்கு அடியிலுள்ள மென்தசையான ஃபிலே மின்யோனைப் புதியவர்கள் வாங்க வேண்டாம் என்பேன். மென்மைதான், ஆனால் விலைக்கு ஏற்ற ருசி அதில் இல்லை என்பது என் கட்சி. "ரவுண்ட்" என்று எழுதியிருப்பது தொடைக்கறி, குழம்புக்கு அருமை, தணலுக்கு ஆகாது.

சில கடைகளில் கறியை மென்மையாக்க மெல்லிய கத்திகளால் குத்தியிருப்பார்கள். 2016 முதல் அமெரிக்காவில் அதை அட்டையில் குறிப்பிட்டே ஆக வேண்டும், "பிளேட் டெண்டரைஸ்டு" என்றோ "மெக்கானிகலி டெண்டரைஸ்டு" என்றோ இருக்கும். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், தணல் அதைக் கொன்றுவிடும். குத்திய துண்டிலோ மேலே இருந்தது உள்ளே போயிருக்கும். அதை அட்டையில் சொல்லியிருக்கும் வெப்பம்வரை வேகவிட வேண்டும். அரைவேக்காட்டில் எடுக்கும் உத்தேசம் இருந்தால் அந்தப் பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

முந்தைய இரவு: உப்பு மட்டும்

நமக்குக் கை சும்மா இருக்காது. இஞ்சி பூண்டு விழுது, தயிர், மஞ்சள், கரம் மசாலா என்று ஊறவைக்கத் தோன்றும். ஆட்டுக்கும் கோழிக்கும் சரி. இந்தத் துண்டுக்கு வேண்டாம். கடும் தணலில் பூண்டும் தயிரும் கறிக்கு முன்னால் கருகிக் கசக்கும், போதாததற்கு மேற்பரப்பை ஈரமாக்கும். ஈரம் இருந்தால் கறி முறுகாது. தண்ணீர் வற்றித் தீரும்வரை மேற்பரப்பு நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அந்தச் சிவந்த மொறுமொறுப்பும் மணமும் வருவது அதைத் தாண்டிய பிறகுதான். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிகழும் இந்த மாற்றத்துக்கு, 1912-ல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மாயாரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் தோசை முறுகலும் அதே கதைதான்.

வெள்ளிக்கிழமை இரவு துண்டுகளைத் தாளால் ஒற்றித் துடைத்து, பெரிய பரலாக இருக்கும் கோஷர் உப்பை எல்லாப் பக்கமும் தூவுங்கள். துண்டுக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூட. மேஜை உப்புத்தான் இருக்கிறது என்றால் அளவைப் பாதியாக்குங்கள், அது பொடியாக இருப்பதால் ஒரு கரண்டியில் அதிகம் பிடிக்கும். தட்டின்மேல் கம்பி வலை, வலைமேல் கறி, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். மேல்தட்டில் வைத்தால் சொட்டுவது கீரைமேல் விழும். முதல் அரைமணியில் உப்பு நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த உப்புநீர் மெல்ல உள்ளே போகும், காலையில் பார்த்தால் மேல்தோல் காய்ந்து கருஞ்சிவப்பாக இருக்கும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அதுதான் வேண்டியது.

மறந்துபோய்விட்டால் சுடுவதற்கு முக்கால் மணிக்கு முன்னால் போடுங்கள். அதற்கும் நேரமில்லையா, தணலில் வைக்கிற அந்த நிமிடத்தில் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு முன் போடுவதுதான் இருப்பதிலேயே மோசம், நீர் வெளியே வந்து முத்து முத்தாக நிற்கும் நேரம் அது.

உறைந்த கறி என்றால் வியாழக்கிழமையே ஃபிரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு இறக்குங்கள். சமையல் மேடையில் வைத்து உருக்க வேண்டாம்.

அடுப்பும் கரியும்

பெரும்பாலான வீடுகளில் இருப்பது வெபர் கெட்டில், உருண்டையான கறுப்புச் சட்டி. சிகாகோப் பக்கம் ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், தண்ணீரில் மிதக்கும் மிதவைக்காகச் செய்த அரைக்கோளத்தில் கால் வைத்து, மூடி போட்டு 1952-ல் உருவாக்கியது. அதன் சூட்சுமம் மூடியில் இருக்கிறது. திறந்தால் அடுப்பு, மூடினால் சூளை. நமக்கு இரண்டும் வேண்டும். கேஸ் கிரில் வைத்திருப்பவர்களும் ஒரு பக்க பர்னரை மட்டும் ஏற்றி இதே முறையில் செய்யலாம், புகை மணம்தான் குறையும்.

சட்டியை வீட்டுச் சுவர், மர வேலி, காய்ந்த புல் எல்லாவற்றிலிருந்தும் பத்தடி தள்ளி, சமதரையில் வையுங்கள். மழை வருகிறது என்று கராஜுக்குள் இழுக்கவே கூடாது. கரித்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, கதவு திறந்திருந்தாலும் ஆளை மயக்கும். அபார்ட்மென்ட் பால்கனியில் கரி அடுப்பு பெரும்பாலும் அனுமதி இல்லை, வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். டெக்சஸில் வறட்சி நேரத்தில் கவுண்டி (மாவட்டம் மாதிரி) நிர்வாகம் எரிப்புத் தடை போடும். மூடியுள்ள கிரில்லுக்கு அதில் என்ன விதி என்று அன்று காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கரியில் இரண்டு வகை. தலையணை வடிவில் அச்சில் அடித்தது பிரிக்கெட். ஹென்றி ஃபோர்டின் கார்களுக்கு மரம் அறுத்த ஆலையில் மிஞ்சிய மரத்துண்டுகளை என்ன செய்வது என்று 1920-களில் யோசித்ததில் பெருகிய சரக்கு அது, இன்றும் கடையில் முன்னால் நிற்கிறது. எல்லாம் ஒரே அளவாக இருப்பதால் சூடு சீராக, நெடுநேரம் நிற்கும். மரக்கட்டையாகவே கரியாக்கியது லம்ப். சீக்கிரம் பிடிக்கும், கடுமையாக எரியும், சீக்கிரம் ஓயும். புதியவர்கள் பிரிக்கெட்டில் தொடங்குங்கள். "மேட்ச் லைட்" என்று எண்ணெய் தோய்த்து விற்பதை மட்டும் விட்டுவிடுங்கள், என் முதல் விருந்தின் வாடை அதில் இருக்கிறது.

புகை மணத்துக்கு ஒரு மரத்துண்டு. டெக்சஸ் கடைகளில் மெஸ்கீட் என்று மூட்டை மூட்டையாக விற்பார்கள். நான் ராமநாதபுரம் பக்கத்துக்காரன். முதல் முறை அந்த மூட்டையைப் பிரித்துக் கட்டையைக் கையில் எடுத்தபோது சிரிப்பு வந்தது. நம்ம சீமைக்கருவேலத்தின் பங்காளி! ஒரே பேரினத்து மரங்கள், இனம் மட்டும் வேறு. எங்கள் பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றுகிற, எல்லோரும் சபிக்கிற மரத்தின் உறவுக்காரனை இங்கே பளபளக்கும் பையில் போட்டுக் காசுக்கு விற்கிறார்கள். குணமும் அதேதான்: சூடு அதிகம், புகை காட்டம். அதனால் நெடுநேரம் புகையவிட்டால் கறி கசந்துபோகும், கடைசி மூன்று நிமிட முறுகலுக்கு ஒரு துண்டு போட்டால் அபாரம். மெதுவாக வேகும் நேரத்துக்கு ஓக் அல்லது பெக்கான் துண்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பைன் போன்ற பிசின் மரங்களும், வண்ணம் பூசிய பலகைத் துண்டுகளும் அடுப்புப் பக்கமே வரக்கூடாது.

தணல்

ஏழு மணிக்குச் சாப்பாடு என்றால் ஐந்தரைக்குப் பற்றவைக்க வேண்டும். சிம்னி ஸ்டார்ட்டர் என்று ஓர் இரும்புக் குழல் கிடைக்கும், கட்டாயம் வாங்குங்கள். மேலே கரியை அரைக் குழலுக்குக் கொட்டி, அடியில் செய்தித்தாளை இரண்டு பக்கம் கசக்கிச் செருகி, தீக்குச்சியைக் காட்டினால் போதும். எண்ணெய், ஊதுகுழல், விசிறி எதுவும் வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும். விருந்தினர் வருவதற்குமுன் அந்தக் கட்டம் தாண்டிவிட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் துணி உலர்த்தவில்லையே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து இருபது நிமிடத்தில் மேல் கரியின் விளிம்பில் சாம்பல் பூக்கும். நீறு பூத்த நெருப்பு என்று சொல்கிறோமே, சமைப்பதற்கு வேண்டியது அந்த நெருப்புத்தான். கொழுந்துவிடும் தீ வேடிக்கைக்கு நன்றாக இருக்கும், கறிக்கு ஆகாது. தணலைச் சட்டியின் ஒரு பாதியில் மட்டும் கொட்டிக் குவியுங்கள். மறு பாதி காலி. இப்போது உங்களிடம் சூடான பக்கம் ஒன்று, ஒதுங்கும் பக்கம் ஒன்று. ஸ்டேக் சுடுவதில் எனக்குத் தெரிந்த பாதிக்கு மேல் இந்தக் காலிப் பக்கத்தில் அடக்கம்.

கம்பியை வைத்து மூடுங்கள். பத்து நிமிடம் காய்ந்ததும் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் தொட்ட துணியால் இடுக்கி பிடித்து ஒரு இழுப்பு. தூரிகையின் கம்பி முடி உதிர்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அது கறியோடு தொண்டைக்குப் போனால் ஆஸ்பத்திரிதான். சைவம், சோளம் எல்லாம் வாட்டும் நேரம் இது.

சுடுவது

வேண்டிய ஒரே கருவி, குத்தினால் சில நொடிகளில் வெப்பம் காட்டும் வெப்பமானி. உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்துக் கறியின் பதம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் துண்டு சுட்டபிறகு நீங்களும் சொல்லலாம். அதுவரை கருவிதான் துணை. பக்கவாட்டில், துண்டின் நடு மையம்வரை குத்திப் பாருங்கள். மேலிருந்து குத்தினால் முனை எங்கே நிற்கிறது என்று தெரியாது.

மூன்று துண்டையும் காலிப் பக்கத்தில் வைத்து, ஓக் துண்டைத் தணலில் போட்டு மூடுங்கள். மூடியின் மேல் துவாரம் கறிக்கு நேர்மேலே இருக்கும்படி வைத்தால் புகை கறியைத் தாண்டிப் போகும். மேலும் கீழும் துவாரத்தைப் பாதி மூடினால் உள்ளே 250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 120 செல்சியஸ் அளவில் நிற்கும். கொஞ்சம் ஏறி இறங்கினால் குடி முழுகிப்போகாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துண்டுகளை இடம் மாற்றித் திருப்பி வையுங்கள், தணலுக்குப் பக்கத்தில் இருப்பது முந்திக்கொள்ளும். இதற்கு ஏறக்குறைய முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். பார்ப்பதற்குக் கறி பழுப்பும் சாம்பலுமாக, சோகையாக இருக்கும். யாராவது வந்து, "என்னப்பா இது?" என்பார்கள். சோளக்கதிரைக் கொடுத்து அனுப்புங்கள்.

கறியின் உள்வெப்பம் 90 ஃபாரன்ஹீட்டைத் (இனி வரும் எண்களும் ஃபாரன்ஹீட்தான்) தொடும்போது இரண்டாவது குழல் கரியைப் பற்றவையுங்கள், இந்த முறை நிறைய. குழலைச் செங்கல் அல்லது கான்கிரீட் தரையில் வைத்துப் பற்றவைக்க வேண்டும், மரத் தளத்தில் கூடாது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே குத்திப் பார்க்க வேண்டும், வேண்டுமென்றே வெவ்வேறு பதத்தில் எடுக்கவும் போகிறோம். முதல் துண்டு, உள்ளே ரோஜாச் சிவப்பாக வேண்டும் என்பவர்களுக்கு, 115-ல் ஒதுக்கி எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டாவதை 130-வரை விடுங்கள். மூன்றாவது, "நல்லா வேகணும்" கட்சிக்கு, 145-வரை காலிப் பக்கத்திலேயே கிடக்கட்டும். மெதுவாக வேகிறபடியால் இதுகூட உலர்ந்துபோகாது, ஓட்டலில் "வெல் டன்" கேட்டு வாங்கித் தின்ற கட்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

புதுத் தணலைப் பழையதன்மேல் கொட்டி, மெஸ்கீட் துண்டு ஒன்றை வைத்து, மூடியைத் திறந்தே விடுங்கள். கம்பிக்கு நாலைந்து அங்குலம் மேலே உள்ளங்கையைக் காட்டினால் இரண்டு நொடிக்குமேல் தாங்கக்கூடாது. அந்தச் சூட்டில் ஒவ்வொரு துண்டாகப் போட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். ஒரே தடவைதான் திருப்ப வேண்டும் என்பது வீண் ஐதீகம், அடிக்கடி திருப்பினால்தான் இரண்டு பக்கமும் சீராகச் சிவக்கும். மூன்று நான்கு நிமிடம். இடுக்கியால் நிமிர்த்திப் பிடித்துக் கொழுப்பு விளிம்பையும் வாட்டுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் பதறாமல் துண்டைக் காலிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் எழுந்து கறியில் ஒட்டும், நீராவி கையைச் சுடும்.

எடுக்க வேண்டிய வெப்பம்: முதல் துண்டு 130 (54 செல்சியஸ்), அது மீடியம் ரேர். இரண்டாவது 145 (63 செல்சியஸ்), மீடியம். மூன்றாவது 160 (71 செல்சியஸ்), வெல் டன். முழுத் துண்டுக்கு 145-ம், பிறகு மூன்று நிமிடம் ஆறவிடுவதும் அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் பாதுகாப்பான அளவு. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் வந்திருந்தால் முதல் துண்டை அவர்கள் பக்கம் நகர்த்தாதீர்கள். கோழி எந்தத் துண்டானாலும் 165, அதாவது 74 செல்சியஸ், அதில் பேரமே இல்லை. அரைத்த கறியில் செய்யும் பர்கருக்கு 160.

பச்சைக்கறி வந்த தட்டைக் கழுவாமல் வெந்ததை அதில் எடுக்கக் கூடாது. தெரிந்ததுதான், ஆனால் இருட்டில், பேச்சு சுவாரஸ்யத்தில் எல்லோரும் செய்கிற தப்பு.

பலகை

இனி தட்டு வேண்டாம், ஒரு பெரிய மரப்பலகை போதும். மூன்று துண்டையும் இடமிருந்து வலமாகப் பதவாரியாக வைத்து, ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு கறியின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே, சுண்டுவிரல் தடிமனில் சீவுங்கள். நாரோடு போனால் மெல்ல மெல்ல வாயில் சவ்வாக நிற்கும், குறுக்கே போனால் பல் படும்போதே விட்டுக்கொடுக்கும். மிளகை இப்போதுதான் இடித்துப் போட வேண்டும், முன்பே போட்டால் தணலில் கருகும். அம்மியோ சின்ன உரலோ இருந்தால் இடியுங்கள், பொடித்து டப்பாவில் அடைத்தது அந்த மணம் தராது. பரல் உப்பு ஒரு சிட்டிகை. உருகிய வெண்ணெய் ஒரு கரண்டி.

பலகையில் சிவப்பாக ஒரு நீர் தேங்கும். நம்மவர்கள் முகம் சுளித்து, "ரத்தம்" என்பார்கள். ரத்தம் அறுக்கும்போதே வடிந்துபோயிருக்கும். இது தசைக்குள் இருக்கும் நீர், மயோகுளோபின் என்ற புரதம் அதற்கு நிறம் கொடுக்கிறது. நான் அதைத் துடைப்பதில்லை, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள் உண்டு.

மூன்று துண்டுக் கணக்கு பலகையில்தான் பலிக்கும். தலைக்கு ஒன்று என்றால் ஒவ்வொருவரும் தம் தட்டோடு உட்கார்ந்து, கிடைத்த பதத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். பலகை என்றால் எல்லோரும் சுற்றி நின்று விரலால் எடுப்பார்கள். போன வருடம் நண்பர் ஒருவர் ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அழைத்து வந்திருந்தார். எழுபது தாண்டியவர். "வெந்ததா ஒரு துண்டு மட்டும் குடுங்க தம்பி, ருசி பார்க்கத்தான்" என்று வலது கோடியில் ஒன்றை எடுத்தார். மென்றார். ஒன்றும் சொல்லவில்லை. பேசிக்கொண்டே நடுவிலிருந்து ஒன்று. மகன் "அப்பா, அது சரியா வேகலை" என்று தடுக்கப் போனார். "நீ சும்மா இருடா" என்றுவிட்டு இன்னும் ஒன்று எடுத்தார். முழுத் துண்டை அவர் தட்டில் வைத்திருந்தால் பாதியை மறைத்து வைத்துவிட்டுப் போயிருப்பார்.

பக்கத்துக்கு அதிகம் வேண்டாம். ஈயத்தாளில் சுற்றித் தணலோரம் ஒரு மணி நேரம் வைத்த உருளைக்கிழங்கு, வெங்காயமும் வெள்ளரியும் போட்ட பச்சடி, வாட்டிய ரொட்டி. என் வீட்டில் கடைசியில் தயிர்சாதமும் ஊறுகாயும் வந்தே தீரும். இங்கத்து நண்பர்கள் முதலில் விநோதமாகப் பார்த்தார்கள், இப்போது கேட்டு வாங்குகிறார்கள்.

எல்லோரும் போனபின்

மிச்சக் கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியே 90 ஃபாரன்ஹீட், 32 செல்சியஸைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான் கெடு. டெக்சஸ் கோடையில் அது அனேகமாக எல்லா நாளும். மறுநாள் மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மிளகோடு ஒரு நிமிடம் மட்டும் வதக்கித் தோசைக்குள் வைத்துப் பாருங்கள்.

அடுப்பின் எல்லாத் துவாரங்களையும் மூடிவிட்டுத் தூங்கப் போங்கள். காற்று இல்லாமல் தணல் அணையும், எரியாத கரி அடுத்த தடவைக்கு மிஞ்சும். சாம்பலை மறுநாள் காலையில் எடுத்துக் குப்பையில் போடும் வேலை மட்டும் வேண்டாம். நான் செய்திருக்கிறேன். மேலே வெள்ளையாக, ஆறியதுபோல்தான் இருந்தது. மத்தியானம் நகராட்சியின் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி அடியில் உருகி, சாலையோரம் மண்டியிட்டு உட்கார்ந்த மாதிரி சரிந்து கிடந்தது. மூடியுள்ள தகர வாளி ஒன்று வாங்கி, சாம்பலை அதில் கொட்டி, இரண்டு நாள் கொல்லையின் ஓரத்தில், வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள். மூன்றாம் நாள் கையை விட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் குப்பைக்குப் போகலாம்.